வாங்கும்போதே திறந்திருக்கும் கதவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு கோயில். தைப்பூசக் காவடிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதன் செயலாளர் போன் செய்தார். "தம்பி, நம்ம கம்ப்யூட்டரை ஹேக் பண்ணிட்டாங்க. நன்கொடைப் பதிவேடு முழுசாப் போச்சு." போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்துக் கணக்கு, குடும்பங்களின் பெயர், போன் எண், யார் எந்த நாள் அன்னதானம் ஏற்றிருக்கிறார்கள் என்ற விவரம், எல்லாம் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு ஆங்கிலக் குறிப்பு. இந்த முகவரிக்கு இவ்வளவு பிட்காயின் அனுப்பினால் தரவு திரும்பக் கிடைக்கும் என்று.

அன்று மாலை முழுவதும் கமிட்டிக்காரர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்படி உடைச்சாங்க?" எவ்வளவு தேடியும் உடைத்ததற்கான அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை. பதிவேடு இருந்த மென்பொருள் பாஸ்வேர்டு கேட்காத நிலையில் இருந்தது, உலகத்தில் எவரும் தொடக்கூடிய முகவரியில் இருந்தது, நிறுவிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. அதை நிறுவிக் கொடுத்த பையன் எதையும் தப்பாக மாற்றவில்லை. எதையுமே மாற்றவில்லை, அவ்வளவுதான்.

இப்படி நடந்ததை எல்லாம் "ஹேக்" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மேதாவியின் படம் மனதில் வருகிறது, அப்புறம் "அவனைத் தடுக்க நம்மால் ஆகுமா" என்று கையை விரித்துவிடுகிறோம். உண்மையில் நடப்பது பெரும்பாலும் வேறு. அதைக் கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்ல முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அலாரப் பெட்டிக்குள் இருக்கும் எண்

டர்பனில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மதில், அதற்கு மேல் மின்வேலி, ஜன்னலுக்குக் கம்பி, ரிமோட்டில் திறக்கும் கேட், வாசலில் காவல் நிறுவனத்தின் பலகை. இத்தனையும் இருக்கிற ஒரு வீட்டில் புதிதாக அலாரம் மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்குள் ஒரு எண் போடப்பட்டிருக்கும், மாட்ட வருகிறவர் முதல் தடவை உள்ளே போய் எல்லாவற்றையும் அமைப்பதற்காக. அதே மாடலை வாங்கிய அத்தனை வீட்டுக்கும் அதே எண். கையேட்டில் அச்சாகியிருக்கும், கையேடு இணையத்திலும் கிடைக்கும். மாட்டியவர் வேலையை முடித்து, வீட்டுக்காரருக்கு என்று ஒரு தனி எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் தன் எண்ணை மனைவிக்குக்கூட யோசித்துத்தான் சொல்கிறார். ஆனால் அந்தத் தொழிற்சாலை எண்ணை யாராவது மாற்றினார்களா? மாற்றாவிட்டால் அது இன்னும் பெட்டிக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

ஒரு பொருளோ மென்பொருளோ நம் கைக்கு வரும்போது அதற்குள் ஏற்கெனவே இருக்கும் இந்த அமைப்பைத்தான் டிஃபால்ட் என்கிறோம். நாம் எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் எது நடக்குமோ அதுதான் டிஃபால்ட். டிவியின் ஒலி அளவு, போனின் மணியோசை, எல்லாவற்றுக்கும் ஒரு டிஃபால்ட் உண்டு, அவற்றால் யாருக்கும் கேடில்லை. சாவி சம்பந்தப்பட்ட இடத்தில் வரும்போதுதான் அது விவகாரமாகிறது.

கடையும் பின்னறையும்

சர்வர் என்பது எப்போதும் விழித்திருந்து மற்றக் கம்ப்யூட்டர்களின் கேள்விகளுக்குப் பதில் அனுப்புகிற ஒரு கம்ப்யூட்டர். ஒரு பெரிய தரவு மையத்திலும் இருக்கலாம், கோயில் அலுவலக மேசைக்கு அடியிலும் இருக்கலாம்.

விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ஒரு மசாலாக் கடையை நினைத்துப் பாருங்கள். முன்னால் கல்லா, மிளகாய்த்தூள் மலைமலையாய்க் குவிந்திருக்கும், யாரும் வரலாம், முகர்ந்து பார்க்கலாம், விலை கேட்கலாம். பின்னால் ஒரு அறை. அங்கேதான் சரக்கு வாங்கும் கணக்கு, பணப்பெட்டி, கலவைக் குறிப்பு, எல்லாக் கதவுகளின் சாவிக் கொத்து. ஒரு இணையதளத்துக்கும் இந்த இரண்டும் உண்டு. நீங்களும் நானும் பார்ப்பது முன்கடை. அதை நடத்துகிறவர் உள்ளே போய் பக்கங்களை மாற்ற, ஆட்களைச் சேர்க்க, தரவை அழிக்க, நிரலைத் தொடங்கவோ நிறுத்தவோ பயன்படுத்தும் இடம் பின்னறை. இதற்குத்தான் நிர்வாகப் பக்கம் அல்லது அட்மின் பக்கம் என்று பெயர். டாம்கேட் மேனேஜர், ஜென்கின்ஸ், பிஹெச்பிமைஅட்மின், வெப்மின் என்று துறையில் இருப்பவர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் இந்தப் பின்னறைகளின் பெயர்கள்தான். தரவுத்தளம், அதாவது பதிவேடுகளை ஒழுங்காக அடுக்கி வைத்துக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள், தன்னளவிலேயே ஒரு பின்னறை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். "நாங்கள் எல்லா அப்டேட்டும் போட்டுவிட்டோம், அதனால் பாதுகாப்பாக இருக்கிறோம்" என்பார்கள். அப்டேட் சரிசெய்வது மென்பொருளில் இருக்கும் பிழையை. அட்மின் பக்கம் திறந்து கிடப்பதில் பிழை ஒன்றுமே இல்லை. டாம்கேட் மேனேஜர் புதிய நிரலைச் சர்வரில் ஏற்றுவதற்காகவே செய்யப்பட்டது. ஜென்கின்ஸுக்குள் கட்டளையை எழுதினால் அதைச் சர்வரில் ஓட்டிக் காட்டுவதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே வந்தவர் கள்ளனா சொந்தக்காரரா என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது, சொன்னதைச் செய்யும். ஆகவே இன்று காலை வந்த அப்டேட்டைப் போட்ட சர்வரும், டிஃபால்ட் பாஸ்வேர்டோடு இருந்தால், இன்று மாலையே பறிபோகலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சர்வருக்கு ஒரு பின்னறை உண்டு, அந்த அறைக்குள் எல்லாம் செய்ய முடியும், அறையின் கதவு எந்த நிலையில் இருக்கும் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் டிஃபால்ட் தீர்மானிக்கும்.

கதவு எப்படியெல்லாம் திறந்திருக்கும்

எளிதில் புரிவது தெரிந்த பாஸ்வேர்டு. அட்மின், அட்மின். ரூட், ரூட். 1234. பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலும் இது இருந்தது. டெல் சர்வர்களில் தூரத்திலிருந்து மெஷினையே அணைத்து எழுப்பக்கூடிய ஒரு நிர்வாகப் பகுதி உண்டு, அதற்குப் பல தலைமுறைகளாக ரூட் என்ற பெயரும் கால்வின் என்ற பாஸ்வேர்டும்தான் டிஃபால்ட்டாக இருந்தன. சர்வர் வேலை பார்க்கும் எவருக்கும் இது மனப்பாடம்.

அடுத்தது, பாஸ்வேர்டே கேட்காத டிஃபால்ட். மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தை இறக்கி நிறுவினால், நாமாகச் சொல்லாதவரை அது யாரிடமும் அடையாளம் கேட்காது. ரெடிஸ் என்ற இன்னொரு தரவுத்தளமும் அப்படித்தான். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும், அழிக்கச் சொன்னால் அழிக்கும்.

மூன்றாவதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாதது, ஆனால் எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபி முகவரி என்று ஒரு எண் உண்டு. அதை ஒரு ஃபிளாட் கட்டடத்தின் தெரு முகவரி என்று வையுங்கள். கட்டடத்துக்குள் பல கதவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்தக் கதவு எண்தான் போர்ட். ஒரு முகவரியில் 65,535 வரை போர்ட் இருக்கலாம். இணையதளம் 443-ல் பதில் சொல்லும், ரெடிஸ் 6379-ல், எலாஸ்டிக்சர்ச் 9200-ல். எந்த மென்பொருள் எந்தக் கதவில் உட்காரும் என்பது ரகசியம் இல்லை, அதுவும் ஒரு டிஃபால்ட்.

சரி, கதவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் யார் குரலுக்குக் காது கொடுக்கும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 127.0.0.1 என்று அமைத்தால் அதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் குரல் மட்டுமே கேட்கும். வீட்டுக்குள் இருக்கும் பாட்டியை அதே வீட்டில் இருப்பவர்கள் மட்டும் கூப்பிட முடிவது போல. 0.0.0.0 என்று அமைத்தால் எந்தத் திசையிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்கும். உள்ளூர் வைஃபை, பக்கத்து அலுவலகம், பூமியின் மறுபக்கம், எல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு வரி அமைப்பு. அதைப் பார்க்காமலே ஒரு மென்பொருளை ஐந்து வருஷம் ஓட்டிவிடலாம், எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும், எந்த எச்சரிக்கையும் வராது.

இந்த மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் பல சமயம் தப்பித்துவிடலாம். பாஸ்வேர்டு இல்லாத தரவுத்தளம் 127.0.0.1-ல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வெளியாட்களுக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டு சேரும்போதுதான் கதை முடிகிறது. கோயிலில் சேர்ந்தது இரண்டாவதும் மூன்றாவதும்.

வாயாடித்தனமான டிஃபால்ட் என்று நான் சொல்லும் ஒன்றும் உண்டு. பிழை வந்தால் உள்விவரத்தை எல்லாம் கொட்டும் சர்வர், கேட்டால் தன்னிடம் இருக்கும் கோப்புகளின் பட்டியலையே நீட்டும் சர்வர். அதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது, கொஞ்சத்தில் வருகிறேன்.

ஏன் இப்படிச் செய்து அனுப்புகிறார்கள்?

மென்பொருள் எழுதுகிறவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு புதிய மென்பொருளை ஒருவர் இறக்குகிறார், முதல் ஐந்து நிமிடத்தில் அது வேலை செய்யவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போகிறார். அதனால் முதல் ஐந்து நிமிடம் சிக்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே டிஃபால்ட் அமைக்கப்படுகிறது. பாஸ்வேர்டு கேட்டால் ஒரு தடங்கல். வெளியிலிருந்து இணைய முடியாவிட்டால் இன்னொரு தடங்கல். இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். ரெடிஸின் கையேட்டில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: இது நம்பிக்கையான வலைக்குள், நம்பிக்கையான ஆட்கள் தொடுவதற்காகச் செய்யப்பட்டது, இணையத்தில் நேராக விடாதீர்கள் என்று.

அந்த எண்ணம் ஒரு காலத்துக்குப் பொருந்தியது. சர்வர் அலுவலகத்துக்குள், பூட்டிய அறையில், வெளி இணையத்தோடு தொடர்பில்லாமல் இருந்த காலம். இன்று மாதம் நூறு ராண்டுக்கு எங்கோ ஒரு தரவு மையத்தில் வாடகை சர்வர் எடுக்கலாம், எடுத்த நிமிடத்திலிருந்தே அது முழு இணையத்துக்கும் முன்னால் நிற்கிறது. உள்ளறைக்கென்று செய்த கதவைத் தெருவோரம் வைத்துவிட்டோம்.

இதனால் நடப்பது என்ன? எழுதியவர், "இதை ஓட்டுகிறவர் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார். நிறுவுகிறவர், "இவ்வளவு பெரிய மென்பொருள், பாதுகாப்பை யோசிக்காமலா அனுப்பியிருப்பார்கள்" என்று தொடாமல் விடுகிறார். கதவு திறந்திருக்கட்டும் என்று இருவரில் ஒருவர்கூட முடிவு செய்யவில்லை. முடிவே எடுக்கப்படாத இடத்தில் முடிவு எடுக்கப்பட்டதாக இருவருமே நம்புகிறார்கள். என் அனுபவத்தில் டிஃபால்ட்டின் ஆபத்து முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது, அதனால்தான் "நன்றாகத் தெரிந்தவர்" அமைத்த சர்வரிலும் இது நடக்கிறது.

"எங்களை யார் தேடிவரப் போகிறார்கள்?"

செயலாளர் என்னிடம் கேட்டது இது. நாங்கள் பேங்கா, இன்ஷூரன்ஸ் கம்பெனியா, சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில், எங்கள் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. பதில்: அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்பு இருந்தால் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இந்த முகவரிகள் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். 2009-லேயே ஷோடன் என்ற தேடுபொறி வந்துவிட்டது. கூகுள் பக்கங்களைத் தேடுவது போல அது இணையத்தில் திறந்திருக்கும் கருவிகளைத் தேடித் தொகுத்து வைக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அதனால் பெரிய உதவி. மற்றவர்களும் அதைப் பார்க்கலாம்.

ஆக, அங்கே நடப்பது ஒரு தெரு முழுவதும் ஒவ்வொரு கேட்டையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் வேலை, அதையும் நிரலே செய்கிறது. புதிதாக ஒரு சர்வரை இணையத்தில் விட்டு அதன் பதிவுக் குறிப்பைப் பாருங்கள், கொஞ்ச நேரத்திலேயே முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து தட்டல் வரத் தொடங்கியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது.

இதன் சக்தி என்ன என்பதை 2016-ல் உலகம் பார்த்தது. மிராய் என்ற தீநிரல் வைத்திருந்தது 60-க்குச் சற்று மேற்பட்ட டிஃபால்ட் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவே. அதைக் கொண்டு வீட்டுக் கேமராக்கள், ரௌட்டர்கள், வீடியோப் பதிவுப் பெட்டிகள் என்று லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற நிறுவனத்தின் மேல் திரும்பியது. இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றிக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வேலை. அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் ரெட்டிட்டும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவை மாட்டிவிட்டு மறந்துபோன யாரோ ஒருவர் வீட்டுக் கூரையிலிருந்து வந்த தாக்குதல் அது.

"முகவரியை யாருக்கும் சொல்லவில்லை, அதனால் பயமில்லை" என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. பிரவுசரில் பூட்டுச் சின்னம் வருவதற்காக நாம் வாங்கும் பாதுகாப்புச் சான்றிதழ்களில் உள்ள பெயர்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. ரகசியமாக வைத்திருக்கும் அட்மின் பக்கத்துக்குத் தனிப் பெயர் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், வாங்கிய அன்றே அந்தப் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும்.

சுருக்கமாக: யாரும் உங்களைக் குறிவைப்பதில்லை, எல்லாரையும் தட்டிப் பார்க்கிறார்கள், திறந்திருந்தால் உள்ளே வருகிறார்கள்.

நம் அடையாள எண்கள் வெளியே கிடந்த கதை

2017 அக்டோபரில் தென்னாப்பிரிக்கர்கள் எல்லாரும் இதை உணர்ந்திருக்க வேண்டும், ஆனால் பலர் அதை ஒரு சாதாரணச் செய்தியாகக் கடந்துவிட்டார்கள். சுமார் 27 ஜிகாபைட் அளவுள்ள ஒரு தரவுத்தளக் கோப்பு, உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள், குழந்தைகள் என்று கோடிக்கணக்கான தென்னாப்பிரிக்கர்களின் அடையாள எண்களோடு, பொது இணையத்தில் கிடந்தது. ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர்தான் வெளியே சொன்னார். அது இருந்த சர்வரில் கோப்புகளின் பட்டியலைக் காட்டும் அமைப்பு திறந்திருந்தது. ஐபி முகவரியை பிரவுசரில் போட்டால் போதும், என்னென்ன கோப்பு இருக்கிறது என்று சர்வரே வரிசையாகக் காட்டும், சொடுக்கினால் இறங்கும். மேலே வாயாடி என்று சொன்னேனே, அது இதுதான்.

நம் அடையாள எண் 13 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது? எண்பது வயதில் பென்ஷன் வாங்குகிற டர்பன் பீனிக்ஸ் பகுதிப் பாட்டியின் எண்ணும் அதில் இருந்திருக்கலாம், அவர் வாழ்நாளில் ஒரு கம்ப்யூட்டரையும் தொட்டிருக்க மாட்டார். என்னை உறுத்துவது இதுதான். அமைப்பை மாற்றாமல் விட்டவர் ஒருவர், இழப்பது வேறு யாரோ.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லாரும் பொப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. மற்றவர்களின் தகவலை வைத்திருப்பவர் அதைக் காக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும், கசிந்தால் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும், மீறினால் அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கும் சங்கமும் கோயிலும்கூட இதற்குள் வரும்.

உள்ளே வந்தவர் என்ன செய்வார்

கோயிலில் நடந்தது அழித்துவிட்டுப் பணம் கேட்பது. 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் மாங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் இப்படிக் காலியாக்கப்பட்டன. தொடங்கி வைத்த ஆள் கேட்டது 0.2 பிட்காயின். பின்னால் வந்தவர்கள் முன்னவரின் குறிப்பை அழித்துவிட்டுத் தங்கள் குறிப்பை வைத்தார்கள். கொடுமை என்னவென்றால், பல இடங்களில் தரவை யாரும் நகல் எடுத்தே வைக்கவில்லை. பணம் கட்டினாலும் திரும்பி வர ஒன்றுமில்லை. அதனால்தான் கமிட்டியிடம் ஒரு செண்ட்கூட அனுப்ப வேண்டாம் என்றேன்.

சத்தமில்லாமல் இருந்து திருடுவதும் உண்டு. 2018-ல் டெஸ்லா நிறுவனத்தின் நிர்வாகப் பக்கம் ஒன்று பாஸ்வேர்டு இல்லாமல் இருந்ததை ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அதற்குள் ஏற்கெனவே யாரோ புகுந்து, டெஸ்லாவின் வாடகைக் கம்ப்யூட்டர்களில் தங்களுக்கு கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் நிரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரைத் தாண்டி நிஜ உலகையும் இது தொடும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா ஊர்த் தண்ணீர் நிறுவனத்தின் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வெளியாட்கள் பிடித்தார்கள். அந்த வகைக் கருவிகளின் டிஃபால்ட் பாஸ்வேர்டு 1111. நல்லவேளை, ஊழியர்கள் கையால் இயக்கும் முறைக்கு மாற்றிவிட்டார்கள், குடிநீருக்குக் கேடு வரவில்லை.

மாற்றிய பிறகும் திரும்பி வரும்

ஒரு தடவை சரி செய்துவிட்டால் முடிந்தது என்று நானும் நம்பியிருந்தேன். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த வருஷங்களில் பாடம் கிடைத்தது. கரண்ட் திரும்பி வரும்போது வரும் மின் எழுச்சியில் எத்தனையோ ரௌட்டர்கள் கருகின. புதியதை மாட்டினால் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும். குழம்பிப்போன ரௌட்டரைச் சின்ன ஓட்டையில் ஊசி குத்தி ரீசெட் செய்தால் நாம் கவனமாக வைத்த பாஸ்வேர்டு போய்ப் பழைய டிஃபால்ட் உட்காரும். அப்புறம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது, அதில் ஒரு வைஃபை பெட்டி, அந்தப் பெட்டிக்குள் ஒரு அட்மின் பக்கம். மாட்டியவர் கிளம்பும் அவசரத்தில் அதை யார் பார்த்தார்கள்?

சர்வர் உலகில் இதே வேலையை டாக்கர் செய்கிறது. ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்து எங்கும் ஓட்ட உதவும் கருவி அது. அருமையான கருவி, நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் டப்பாவின் போர்ட்டை வெளியே காட்டு என்று சாதாரணமாகச் சொன்னால் அது 0.0.0.0-ல், அதாவது எல்லாருக்கும், காட்டிவிடும். இன்னும் மோசம், ஃபயர்வால், அதாவது எந்தப் போர்ட்டுக்கு யார் வரலாம் என்று தடுக்கும் காவலாளி, உபுண்டு என்ற சர்வர் இயங்குதளத்தில் வழக்கமாகப் போடும் யுஎஃப்டபிள்யூ ஆக இருந்தால், டாக்கர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நீங்கள் மூடிவிட்டதாக அந்தக் காவலாளி பட்டியல் காட்டும், வெளியே போய்த் தட்டினால் திறக்கும். கோயில் தரவுத்தளம் ஓடியதும் இப்படி ஒரு டப்பாவில்தான்.

எங்கே தொடங்குவது

பாஸ்வேர்டை மாற்றுவதுதான் முதல் வேலை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலில் தெருவிலிருந்து பாருங்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் உங்கள் சர்வரின் முகவரியைப் போட்டு அட்மின் பக்கம் வருகிறதா என்று பார்க்கலாம், ஒரு சாமானியர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை அது. ஆனால் பிரவுசரில் தெரியாத தரவுத்தளங்களும் உண்டு. லினக்ஸ் தெரிந்தவர்கள் எஸ்எஸ் என்ற கட்டளையை (ss -tlnp என்று) கொடுத்தால் எந்த மென்பொருள் எந்தப் போர்ட்டில், எந்த முகவரியில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று வரிசையாக வரும். 0.0.0.0 என்று இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் "இது வெளியே தெரிய வேண்டுமா?" என்று கேளுங்கள். இணையதளத்துக்கு ஆம். தரவுத்தளத்துக்கு அநேகமாக எப்போதும் இல்லை.

அட்மின் பக்கத்தை 127.0.0.1-க்கு மாற்றிவிட்டால் வீட்டிலிருந்து எப்படி வேலை பார்ப்பது என்று கேட்பீர்கள். விபிஎன் இருக்கிறது, வெளியில் இருக்கும் உங்கள் கம்ப்யூட்டரைப் பூட்டிய குழாய் வழியாக உள் வலையோடு சேர்க்கும் முறை. ஒரே ஆள் என்றால் எஸ்எஸ்ஹெச் சுரங்கமே போதும், அதுவும் அதே வேலையைச் சின்ன அளவில் செய்யும். இரண்டுக்கும் ஒரு மதியம் செலவாகும்.

அதன் பிறகு பாஸ்வேர்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. பயன்படுத்தாத அட்மின் பக்கத்தையும் மாதிரி நிரல்களையும் அகற்றிவிடுங்கள். தரவின் நகல் ஒன்றைச் சர்வரோடு தொடர்பில்லாத இடத்தில் வையுங்கள். அமைத்துக் கொடுக்கும் பையனிடம் "எந்த டிஃபால்ட்டை எல்லாம் மாற்றினாய்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், கேள்வியே அவனை யோசிக்க வைக்கும்.

செய்கிறவர்கள் பக்கமும் மாற்றம் வந்திருக்கிறது. ஜென்கின்ஸ் 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து நிறுவும்போதே தனி பாஸ்வேர்டு உருவாக்குகிறது. ரெடிஸ் அதே ஆண்டு, பாஸ்வேர்டு இல்லாமல் டிஃபால்ட்டாகவே விட்டால் வெளியாட்களுக்குப் பதில் சொல்ல மறுக்கும் முறையைச் சேர்த்தது. மாங்கோடிபி 2017-ல் 3.6 பதிப்பிலிருந்து உள்ளிருந்து வரும் குரலை மட்டுமே கேட்கிறது, எலாஸ்டிக்சர்ச் 2022-ல் 8.0-லிருந்து பாதுகாப்பைப் போட்டே அனுப்புகிறது. கலிஃபோர்னியாவில் 2020 முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், இணையத்தில் இணையும் கருவிகளை எல்லாவற்றுக்கும் ஒரே டிஃபால்ட் பாஸ்வேர்டோடு விற்பதைச் சட்டம் தடுக்கிறது. இதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் பழைய பதிப்புகள் தாமாகச் செத்துப்போவதில்லை, மேசைக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கோயிலில் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் பழைய பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு வார இறுதி, எட்டுப் பிள்ளைகள், மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டினார்கள். பழைய மாமிகள் மங்கிப்போன கையெழுத்துகளைப் பார்த்து இது யார் வீடு என்று சொன்னார்கள். காவடிக்கு நான்கு நாள் முன்பு அன்னதானப் பட்டியல் கிடைத்துவிட்டது. மூன்று வருஷத்து அடிக்கட்டைகள் மட்டும் எங்கோ போயிருந்தன, அந்த வரிகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.